டான் கா கீயும் அவருடைய லிமிடெட் கம்பெனியும்

சிங்கப்பூர் புக்கிட் தீமா சாலையில், முன்னாளில் சீன உயர்நிலைப் பள்ளி என்று பெயர் பெற்றிருந்த கல்விக்கூடத்தின் அருகே, 2015-ஆம் ஆண்டு முதல் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. டான் கா கீ என்பது அதன் பெயர். அங்கே இறங்கி ஏறும் நம்மவர் பலருக்கு அவர் பெரிய சீனச் செல்வந்தர், பள்ளிகளுக்கு வாரி வழங்கியவர் என்ற அளவில் தெரிந்திருக்கும். அவருடைய வியாபாரம் எப்படி எழுந்தது, எப்படி லிமிடெட் கம்பெனியாக மாறியது, மாறிய மூன்றாண்டுகளுக்குள் எப்படி மூடப்பட்டது என்பதை அறிந்தவர்கள் சிலரே. கடை வைத்துப் பிழைக்கும் நமக்கு அவருடைய கொடைச் சிறப்பை விட இந்தக் கதைதான் அதிகம் பயன்படும் என்று கருதி இதை எழுதத் துணிந்தோம்.

எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நமது வியாபாரிகள் நாலு பேர் கூடும் இடத்தில் கடையைக் கம்பெனியாகப் பதிவு செய்வது பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விதமான பதில்கள் வரும். பெரியவர்கள், லிமிடெட் என்பதே கடன் கொடுத்தவனுக்குக் கைவிரிக்கும் தந்திரம் என்பார்கள். இளையவர்கள், பதிவு செய்து பெயருக்குப் பின்னால் செண்டிரியான் பெர்ஹாட் என்றோ பிரைவேட் லிமிடெட் என்றோ போட்டுவிட்டால் பிறகு ஒரு கவலையும் இல்லை என்பார்கள். இரண்டும் பாதி உண்மைதான் என்பதை டான் கா கீயின் வாழ்க்கை காட்டுகிறது.

அவர் 1874 அக்டோபர் 21-இல் தென்சீனத்தின் ஃபூஜியன் மாநிலத்தில் ஜிமெய் என்னும் கடலோரக் கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் டான் கீ பெக் அதற்கு முன்பே சிங்கப்பூருக்குக் கப்பலேறி அரிசி வியாபாரம் நடத்தி வந்தார். சூன் ஆன் என்பது கடையின் பெயர். நம் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பு முடிந்தும் முடியாமலும் வாப்பாவின் கடைக்கு வந்து சேர்ந்தது போலவே, அவரும் 1890-இல் பதினாறு வயதில் சிங்கப்பூர் வந்து அந்த அரிசிக் கடையில் வேலை கற்றுக் கொண்டார். கொள்முதலும் பேரேடும் விரைவில் அவர் பொறுப்பில் வந்தன.

இடையில் தாயாரின் மறைவை ஒட்டி ஊருக்குப் போனவர் 1903-இல் திரும்பி வந்து பார்த்தபோது கடை கடனில் மூழ்கியிருந்தது. குடும்பத்தில் சிலருடைய ஊதாரித்தனம் கல்லாப் பெட்டியைக் காலி செய்திருந்தது. வீட்டுச் செலவு எது, கடைச் செலவு எது என்ற வரம்பு இல்லாத கடை அது. வீட்டில் ஓட்டை விழுந்தால் கடையில் தண்ணீர் ஏறும். அடுத்த ஆண்டு சூன் ஆன் மூடப்பட்டது.

தகப்பன் பட்ட வியாபாரக் கடனை மகன் தன் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்று அந்நாளைய சிங்கப்பூர்ச் சட்டம் சொல்லவில்லை. தகப்பனுடைய சொத்தில் எட்டுகிற மட்டும்தான் கடன்காரர் உரிமை கோர முடியும். ஆயினும் முப்பது வயதுகூட நிறையாத டான் கா கீ அந்தக் கடனைத் தம் கடனாக ஏற்றுக் கொண்டார். கடன் கொடுத்தவர்களைச் சந்தித்துப் பேசித் தொகையை முடிவு செய்து, சில ஆண்டுகளுக்குள் கட்டித் தீர்த்தார். ஊரில் அவருக்கு நாணயஸ்தர் என்ற பெயர் இதனால்தான் நின்றது. பின்னாளில் அவர் கேட்ட மாத்திரத்தில் வங்கிகள் கடன் கொடுத்ததற்கும், அந்தக் கடனே அவரைச் சூழ்ந்ததற்கும் இந்தப் பெயரே முதற்காரணம் என்பது எங்கள் எண்ணம்.

1904-இல் ஏழாயிரம் வெள்ளி முதலில் அன்னாசிப்பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். பழத்துக்காகக் காட்டு நிலம் வாங்கித் தோட்டமும் போட்டார். 1906-இல் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரப்பர் விதைகளை வாங்கி அன்னாசிச் செடிகளுக்கு ஊடே நட்டார். ரப்பர் வளரும் வரை அன்னாசி சோறு போடும், அன்னாசி ஓயும்போது ரப்பர் பால் கொடுக்கும் என்ற கணக்கு அது. கணக்குத் தப்பவில்லை. முதல் உலகப் போரில் கப்பல் கிடைக்காமல் எல்லா வியாபாரிகளும் தவித்தபோது அவர் கப்பல்களை வாடகைக்கு எடுத்தார். பிறகு சொந்தமாகவே இரண்டை வாங்கிப் பிரெஞ்சு அரசாங்கத்துக்கு வாடகைக்கு விட்டார். 1918-இல் இரண்டும் மத்தியதரைக் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. இன்ஷூரன்ஸ் பணம் பன்னிரண்டு லட்சம் வெள்ளி அளவில் வந்து சேர்ந்தது. கப்பல் மூழ்கியும் கரையேறிய வியாபாரி என்று அவரைச் சொல்லலாம்.

போருக்குப் பின் ரப்பர்ப் பாலை ஷீட்டாக்கி விற்பதோடு நில்லாமல், சும்பாவா சாலைத் தொழிற்சாலையில் காலணி, டயர் முதலிய ரப்பர்ச் சாமான்களையே செய்து விற்கலானார். மணி முத்திரை பதித்த அவருடைய சரக்கு மலாயா எங்கும், சீனத் துறைமுகங்களிலும் அவருடைய சொந்தக் கிளைகளில் விற்றது. 1923-இல் நான்யாங் சியாங் பாவ் என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். 1925-இல் ரப்பர் விலை உச்சத்தில் ஏறியபோது அவருடைய ஆஸ்தி ஒரு கோடி வெள்ளியைத் தாண்டியிருந்தது.

இவ்வளவு பெரிய வியாபாரம் அப்போது கம்பெனியாகப் பதிவாகியிருக்கவில்லை. தோட்டமும் தொழிற்சாலையும் கிளைக் கடையும் குடும்பத்தின் சொந்தமாகவே இருந்தன. தம்பி துணைக்கு இருந்தார், திறமையான மேனேஜர்கள் இருந்தார்கள், ஆனால் கடைசிச் சொல் முதலாளியுடையது. வந்த லாபம் அவருடையது, பட்ட கடனும் அவருடையது.

இதில் ஒரு பெரிய சௌகரியம் இருந்ததையும் மறைக்கக் கூடாது. எவரையும் கேட்காமல் எதற்கும் பணம் எடுக்கலாம். 1913-இல் பிறந்த ஊரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். அது ஆசிரியர் பயிற்சி, கடல் தொழில், வாணிபம் என்று பல பள்ளிகளாகப் பெருகியது. 1919-இல் சிங்கப்பூரின் சீன உயர்நிலைப் பள்ளி எழுந்ததற்கு அவர் முன்னின்றார். 1921-இல் அமாய் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தையே நிறுவி, அதற்குச் சீன நாணயத்தில் நாற்பது லட்சம் தருவதாக வாக்களித்தார். அந்தப் பல்கலைக்கழகத்தின் கிளை ஒன்று 2016 முதல் நம் செப்பாங்கிலும் நடைபெறுகிறது. பங்குதாரர் கூட்டம் என்று ஒன்று இருந்திருந்தால் இத்தனைக்கும் கைதூக்கி ஒப்புதல் தந்திருக்குமா என்பது சந்தேகமே.

1926 முதல் ரப்பர் விலை சரியத் தொடங்கியது. ஜப்பானியர் மலிவான ரப்பர்க் காலணிகளைக் கொண்டு வந்து குவித்தனர். 1928-இல் சீனத்தில் ஜப்பானியப் படையின் கொடுமையைக் கண்டித்து டான் கா கீ முன்னின்று ஜப்பானியச் சரக்கைப் புறக்கணிக்கச் செய்தார். அக்காலத்தில் அவருடைய தொழிற்சாலை ஒன்று தீக்கு இரையாயிற்று. 1929-இல் உலகம் முழுவதும் வியாபார மந்தம் பரவியது. வருமானம் சுருங்கியது, பள்ளிகளின் செலவு சுருங்கவில்லை. அதற்கும் வங்கியில்தான் வாங்கினார். 1931-இல் வங்கிகளுக்கு அவர் பட்டிருந்த கடன் ஏறத்தாழ ஒரு கோடி வெள்ளி.

கடன்காரர் அவரைத் திவாலாக்கியிருக்கலாம். ஆனால் மந்த காலத்தில் தோட்டத்தையும் தொழிற்சாலையையும் ஏலத்தில் விட்டால் கால்வாசிகூடத் தேறாது என்பது வங்கிகளுக்குத் தெரியும். ஆகவே வியாபாரத்தை நடத்திக் கொண்டே கடனை வசூலிக்க ஒரு வழி கண்டார்கள். 1931 ஆகஸ்டில் அவருடைய வியாபாரம் டான் கா கீ அண்ட் கம்பெனி லிமிடெட் என்று பதிவாயிற்று. வங்கிகளின் ஆட்கள் டைரக்டர்களாக அமர்ந்தார்கள். டான் கா கீ மானேஜிங் டைரக்டர் என்ற பெயரில் சம்பளக்காரரானார். நேற்று வரை கல்லாச் சாவியைத் தம் மடியில் வைத்திருந்தவர், இன்று பள்ளிக்கூடத்துக்குப் பணம் அனுப்ப டைரக்டர் சபையைக் கேட்க வேண்டியதாயிற்று. அவர்கள் அதற்கு மாதாந்தர அளவு வைத்தார்கள்.

இதில் வங்கிகள் மேல் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அதன் பெயரில் சொத்து வாங்கலாம், அதன் பெயரில் வழக்காடலாம், அதன் கடன் அதனுடையது. பங்குதாரர் தாம் எடுத்த பங்கின் தொகைக்கு மேல் பொறுப்பாளி அல்லர். அந்தத் தனி ஆளின் பணத்தை, கம்பெனிக்குத் தம் பெயரையே கொடுத்தவர் ஆனாலும், சொந்தப் பணம் போல் எடுத்துக் கொடுக்க முடியாது. நன்மையும் கட்டுப்பாடும் ஒரே விதியிலிருந்து பிறக்கின்றன. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட வழியில்லை.

அதே 1931-இல் அதே குடும்பத்தில் இன்னொரு கம்பெனியும் பதிவாயிற்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். டான் கா கீயின் மருமகன் லீ கோங் சியான் மாமனாரிடம் வேலை பார்த்துத் தொழில் கற்று, 1927-இல் தனியாக ரப்பர் வியாபாரம் தொடங்கியவர். மந்தம் சூழ்ந்திருந்த அதே ஆண்டில் தம் வியாபாரத்தை லீ ரப்பர் கம்பெனி லிமிடெட் என்று பதிவு செய்தார். எவரும் அவரை நெருக்கவில்லை. யார் டைரக்டர், யாருக்கு எத்தனை பங்கு, விதிகள் எவை என்பதைக் கடன்காரர் சொல்லும் நிலையில் அவர் இருக்கவில்லை. மாமனார் கம்பெனி அவரை ஆட்டி வைத்தது. மருமகன் கம்பெனியை ஆண்டார். லீ ரப்பர் பின்னர் உலகின் பெரிய ரப்பர் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. 1952-இல் லீ கோங் சியான் தரும காரியத்துக்கென்று லீ அறநிதியைத் தனியே நிறுவினார். தருமத்தின் கணக்கு ஒரு பெட்டியிலும் வியாபாரத்தின் கணக்கு வேறு பெட்டியிலும் இருந்தன. மாமனாரின் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அல்லவா.

நாம் அறிந்த ஒரு கடையையும் இவ்விடத்தில் சொல்லத் தோன்றுகிறது. அண்ணன் தம்பி இருவர் நாற்பது ஆண்டுகளாக நடத்திய ஜவுளிக்கடை. எல்லாம் அண்ணன் பெயரில். அவர் மௌத்தான மறுவாரமே வங்கிக் கணக்கு முடங்கியது. உரிமம் அவர் பெயரில் இருந்தபடியால் அதையும் புதிதாக எடுக்க வேண்டியதாயிற்று. கிட்டங்கியில் கிடக்கும் சரக்கில் தம்பிக்கு எவ்வளவு, அண்ணன் மக்களுக்கு எவ்வளவு என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை. ஒருவரும் அயோக்கியர் அல்லர். ஆனாலும் இரண்டு வருடத்தில் கடை இரண்டாகி, மூன்றாம் வருடம் இரண்டும் இல்லை. கம்பெனியாக இருந்திருந்தால் அண்ணனுடைய பங்குகள் ஷரீஅத் பங்கீட்டின்படி வாரிசுகளுக்குப் போயிருக்கும். சரக்கும் உரிமமும் வங்கிக் கணக்கும் கம்பெனியிடமே இருந்திருக்கும், கடைக் கதவு ஒருநாளும் சாத்தப்பட்டிருக்காது.

இப்போது பதிவு செய்வது முன்னைப் போல் கடினமான காரியம் அல்ல. மலேசியாவில் 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு பங்குதாரரும் இரண்டு டைரக்டரும் வேண்டியிருந்தது. 2016-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் 2017 ஜனவரி 31-இல் நடைமுறைக்கு வந்த பிறகு ஒருவரே போதும். அவரே பங்குதாரர், அவரே டைரக்டர். சிங்கப்பூரிலும் அவ்வாறே. இரண்டு நாட்டிலும் ஒரு டைரக்டராவது அந்தந்த நாட்டில் வசிப்பவராக இருக்க வேண்டும். ஊரில் இருக்கும் மச்சானை மட்டும் டைரக்டராகப் போட்டுக் கம்பெனி நடத்த இயலாது. தனியார் கம்பெனியில் பங்குதாரர் ஐம்பது பேருக்கு மேல் போகக் கூடாது, பங்கை நினைத்த ஆளுக்கு நினைத்தபடி மாற்றவும் கூடாது. முதலில் பெயருக்கு அனுமதி வாங்க வேண்டும். பதிவு அலுவலக முகவரி காட்ட வேண்டும். செகரட்டரியை மலேசியாவில் பதிவாகி முப்பது நாளைக்குள்ளும், சிங்கப்பூரில் ஆறு மாதத்துக்குள்ளும் நியமிக்க வேண்டும். சிங்கப்பூரில் ஒரே டைரக்டர் உள்ள கம்பெனியில் அவரே செகரட்டரியாகவும் இருக்க முடியாது. மூலதனம் ஒரு வெள்ளி இருந்தாலும் சட்டத்துக்குப் போதும், சரக்கு அனுப்புகிறவனுக்குப் போதாது என்பது வேறு விஷயம்.

நம்மவர் கவனிக்காமல் கையெழுத்துப் போடும் தாள் ஒன்று உண்டு. கம்பெனியின் அமைப்பு விதிகளைத்தான் சொல்கிறோம். சிங்கப்பூரில் அது இல்லாமல் பதிவாகாது. மலேசியாவில் தனியார் கம்பெனிக்கு அது கட்டாயம் இல்லை, வேண்டுமானால் வைத்துக் கொள்ளலாம். ஏஜெண்டு கொடுக்கும் அச்சடித்த மாதிரியை அப்படியே ஒப்புக்கொண்டு வருகிறோம். ஒரு பங்குதாரர் இறந்தால் மற்றவர்கள் அவருடைய பங்கை வாங்க முதலுரிமை உண்டா, விலையை யார் மதிப்பது, சகோதரர்கள் சமபங்காய் இருந்து கருத்து முரண்பட்டால் யார் சொல் நிற்கும் என்பவற்றை அண்ணன் தம்பி நல்ல முகத்தோடு உட்கார்ந்திருக்கும் நாளிலேயே அதில் எழுதிக் கொள்ளலாம். வக்கீலுக்குச் சில நூறு வெள்ளி அதிகம் போகும்.

லிமிடெட் ஆனபின் கவலை இல்லை என்கிற இளையவர்களுக்கு இன்னொரு தாளையும் காட்ட வேண்டும். புதுக் கம்பெனி வங்கியில் கடன் கேட்டால், டைரக்டர் தம் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் எழுதித் தரும்படி வங்கி கேட்பது வழக்கம். அதில் கையெழுத்திட்ட அளவுக்கு லிமிடெட் என்னும் சுவர் இடிந்து விடுகிறது, வீடும் கணக்கில் வந்து விடுகிறது. எந்தத் தொகைக்கு, எந்தக் காலம் வரை என்று எழுதி வாங்காமல் ஜாமீன் போட்டு, கம்பெனியிலிருந்து விலகிய பிறகும் அதில் சிக்கியவர்கள் இருக்கிறார்கள்.

பெரியவர்களின் சந்தேகத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். கம்பெனியை மறைவாக வைத்துக்கொண்டு கடன்காரரை ஏமாற்றுகிறவர்கள் உண்டு. அப்படித் தெரிந்தே மோசடி செய்யும் டைரக்டரின் மேல் நேரே பொறுப்பைச் சுமத்தச் சட்டத்தில் இடமும் உண்டு. ஆனால் சட்டம் கேட்காத கடனைக் கட்டுவதைச் சட்டம் தடுப்பதில்லை. டான் கா கீ 1904-இல் செய்தது அதுதான். கடை லிமிடெட் ஆனாலும் ஆகாவிட்டாலும் அந்த வாசல் திறந்தே இருக்கிறது.

1925-இல், கையில் பணமும் ஊரில் பெயரும் உச்சத்தில் இருந்தபோது அவர் தாமாகவே கம்பெனியாகப் பதிவு செய்து, பள்ளிகளுக்கென்று ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்களுக்குள் பேசிக் கொண்டதுண்டு. தொழிற்சாலைகள் தப்பியிருக்கும் என்றார் ஒருவர். பல்கலைக்கழகம் பாதியில் நின்றிருக்கும் என்றார் இன்னொருவர். இருவர் சொல்லிலும் நியாயம் இருக்கிறது. பள்ளிகளை நிறுத்தினால் உதவுவதாகச் சொன்னவர்களுக்கு, வியாபாரம் மூடினாலும் மூடட்டும் என்று அவர் மறுமொழி சொன்னதாகக் கூறுவார்கள். இரண்டில் எது பெரிது என்பதில் அவருக்குத் தடுமாற்றம் இருந்ததாகத் தெரியவில்லை.

கம்பெனி நிமிரவில்லை. ரப்பர் விலை இறங்கிக் கொண்டே போயிற்று. டைரக்டர் சபை நட்டம் கொடுத்த கிளைகளை மூடியது, தொழிற்சாலைகளைக் குத்தகைக்கு விட்டது. 1934 பிப்ரவரியில் டான் கா கீ அண்ட் கம்பெனி லிமிடெட் கலைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. தகப்பனாருடைய கடை மூடி முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

பல்கலைக்கழகத்தை மேலும் மூன்றாண்டுகள் உறவினர், நண்பர் உதவியோடு தாங்கி, 1937-இல் சீன அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். அவ்வாண்டு சீன, ஜப்பான் போர் மூண்டபின் தென்கிழக்காசியச் சீனர்களின் நிவாரண நிதிக்குத் தலைவராக அவரையே தேர்ந்தார்கள். வியாபாரத்தில் எல்லாம் இழந்தவரிடம்தான் மக்கள் கோடிக்கணக்கில் பொதுப்பணத்தை நம்பிக் கொடுத்தார்கள். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடிக்கும் முன் அவர் ஜாவாவுக்குத் தப்பிச் சென்று, போர் முடியும் வரை மறைந்து வாழ்ந்தார். அங்கிருந்தபோது எழுதிய வாழ்க்கை நினைவுகள் 1946-இல் சீன மொழியில் நூலாக வந்தன.

1950-இல் சீனம் திரும்பி ஜிமெய்யில் குடியிருந்து, போரில் இடிந்த பள்ளிக் கட்டடங்களை மறுபடி கட்டுவதில் ஈடுபட்டார். 1961 ஆகஸ்ட் 12-இல் பீஜிங்கில் காலமானார். உடலை ரயிலில் கொண்டு வந்து, ஜிமெய்யில் அவருடைய பள்ளிகளின் அருகே கடலோரத்தில் அடக்கம் செய்தார்கள்.